அண்ணாச்சி கையில் வெள்ளிப் பல்லி

கருப்பட்டி மண்டி சுயம்புலிங்கம் அண்ணாச்சியின் வலது புறங்கையில் ஒரு வெள்ளிப் பல்லி ஊசியோடு குத்தி நின்று, இழுத்தும் வராமல், அறுத்தும் போகாமல், அவர் உடம்போடு உடம்பாகச் சேர்ந்துவிட்ட அந்தப் புரட்டாசிக்கு முன்னாலும் எங்கள் செந்தேரியில் பெண்கள் பஸ்ஸில் போய்க்கொண்டுதான் இருந்தார்கள், அவர்கள் மேல் கை பட்டுக்கொண்டுதான் இருந்தது, தாலிக்கொடியிலும் வளையலிலும் கோத்துத் தொங்கவிட்ட ஊக்கை எடுத்து அந்தக் கையில் ஒரு குத்துக் குத்திவிட்டு, துடைத்து, மறுபடி கோத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காததுபோல ஜன்னல் வழியே உப்பளத்தைப் பார்த்தபடிதான் அவர்கள் வந்தார்கள். குத்துவதும் புதிதல்ல, குத்து வாங்குவதும் புதிதல்ல. குத்திய ஊசி திரும்பி வராததுதான் புதிது.

பல்லி கிரேனாப்புடையது. அவள் துறைமுகத்து ஊரில் பி.எட். படித்துக்கொண்டிருந்தாள். டீச்சர் வேலைக்குப் படிக்கிறவர்கள் சேலைதான் கட்டவேண்டும் என்பது அந்தக் கல்லூரியின் சட்டம், தோளில் மடிப்பு கலையாமல் குத்தியிருக்கவேண்டும் என்பது சட்டத்துக்குள் சட்டம். குத்திக்கொள்ள அவளுக்குப் பஞ்சமில்லை. அவளை வளர்த்த சித்தி ஜெபக்கனி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஃபேன்சி ஸ்டோர் வைத்திருந்தாள். ரிப்பன், பொட்டு, கண்ணாடி வளையல், அட்டையில் வரிசையாகக் குத்திய ஊக்கு எல்லாவற்றுக்கும் நடுவில், விற்பனைக்கு இல்லாத ஒரு தட்டு அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. மிஷன் போர்டிங் பள்ளி இழுத்து மூடப்பட்டபோது ஊரைவிட்டுப் போன வெள்ளைக்காரச் சீமாட்டிகள் மறந்தும் மறக்காமலும் விட்டுப்போன புரூச்சுகள் அதில் கிடந்தன: நீளக் கம்பியில் ஒற்றை முத்து வைத்தது, இரண்டு பக்கமும் கூர் வைத்த அம்பு, சிப்பியில் செதுக்கிய பெண் முகம், குட்டிக் கடிகாரத்தை மார்பில் தொங்கவிட உதவும் வெள்ளி ரிப்பன் முடிச்சு, சங்கிலியால் ஒன்றோடு ஒன்று கோத்த இரட்டை ஊசி, செத்துப்போன ஏதோ ஒரு பிள்ளையின் முடியைப் பின்னிக் கண்ணாடிக்கு அடியில் வைத்த கறுப்பு வட்டம், ரவிக்கையின் முன்பக்கத்தைக் கழுத்திலிருந்து இடுப்புவரை கவசம்போல மூடித் தைத்துக்கொள்கிற முக்கோண நகை ஒன்றின் உடைந்த கீழ்ப்பாதி, பிறகு அவற்றையெல்லாம் பார்த்துப் பார்த்து நம் ஆசாரிகள் செய்த கெம்பு மயிலும் மாங்காயும். "இதெல்லாம் அழகுக்குச் செஞ்சதுன்னு நெனைக்காதிய," என்று ஜெபக்கனி கடைக்கு வருகிறவர்களிடம் சொல்வாள். "துணி நழுவக்கூடாதுன்னு செஞ்சது. அழகு பின்னால வந்து ஒட்டிக்கிட்டது."

அந்தத் தட்டில் ஒரு பல்லியும் இருந்தது. சுண்டுவிரல் நீளம், வால் வளைந்து, கண்ணுக்கு இரண்டு பச்சைக் கல். பல்லியைச் சுவரில் கண்டாலே விளக்குமாற்றை எடுக்கிற எங்களுக்கு, அதை மார்பில் குத்திக்கொண்டு சர்ச்சுக்குப் போன சீமாட்டியை நினைத்தால் சிரிப்பு வரும். ஜெபக்கனி அதன் முதுகில் துருப்பிடித்துக் கிடந்த பழைய ஊசியை எடுத்துவிட்டு, புதிதாக எஃகு ஊசி பற்றவைத்து, கிரேனாப் கல்லூரிக்குப் போன முதல் நாள் அவள் தோளில் குத்திவிட்டாள்.

அண்ணாச்சியின் கார் ஒர்க்‌ஷாப்பில் கிடந்ததால் அன்றைக்கு அவர் பஸ்ஸில் வந்தார். எங்கள் ஊருக்கு ஒரே பஸ், அதுவும் அவர் மச்சினன் ஓட்டுகிற மினி பஸ். கிரேனாப் முன்னால் நின்றாள், அவர் பின்னால் நின்றார். சேலை விலகின இடத்தில் ஒரு கை வந்து உட்கார்ந்தது. அவள் நகர்ந்தாள், கையும் நகர்ந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள், அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கோயில் கொடைக்குத் தலைக்கட்டு வரி பிரிக்கிறவர், கல்யாண வீடுகளில் தாலியைத் தொட்டுக் கொடுக்கிறவர், அவள் ஞானஸ்நானத்துக்குக்கூட ஒரு பொட்டலம் கற்கண்டு கொடுத்து அனுப்பினவர். கிரேனாப் தோளில் இருந்த பல்லியைக் கழற்றினாள், நழுவிய முந்தானையைப் பல்லால் கடித்துக்கொண்டாள், அந்தக் கையில் ஓங்கி இறக்கினாள். ஊசி தோலுக்குள் போய் மறுபக்கம் வந்தது, கொக்கி தானாகவே மூடிக்கொண்டது. ஒரு சொட்டு ரத்தம்கூட வரவில்லை.

அண்ணாச்சி கத்தவில்லை. கையை மஞ்சப்பைக்குள் விட்டுக்கொண்டு இறங்குகிறவரைக்கும் நின்றார். இறங்கியதும் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஏட்டி, இதைக் கழத்து."

"நீங்களே கழத்துங்க அண்ணாச்சி. எனக்கு காலேஜுக்கு நேரமாச்சு."

"வரமாட்டேங்கு."

அவளுக்கும் அது வேண்டியிருந்தது. பிடித்து இழுத்துப் பார்த்தாள். மரத்தில் அடித்த ஆணிகூட இன்னும் கொஞ்சம் அசையும். கடைசியில் கொண்டை ஊசியால் முந்தானையை மாட்டிக்கொண்டு போய், மடிப்பு சரியில்லை என்று கல்லூரியில் திட்டு வாங்கினாள்.

அதற்கப்புறம் குத்திய எதுவும் கழலவில்லை. இறால் கம்பெனிக்குப் போகிற பெண்களின் ஊக்கு, நர்ஸுகளின் பேட்ஜ் பின், காய்கறிக்காரியின் வளையலில் தொங்கிய துருப்பிடித்த ஊக்கு, எல்லாம் புறங்கையிலும் முழங்கையிலும் தொடையிலும் போய் உட்கார்ந்து, கொக்கியை மூடிக்கொண்டு, அங்கேயே குடியிருந்தன. ரேஷன் கடையில் எடை போடுகிறவர் ஒரு ஊக்கோடு வந்தார். வங்கியில் நகைக்கடன் கொடுக்கிறவர் இரண்டோடு வந்தார். அரசு ஆஸ்பத்திரி டாக்டர் எக்ஸ்ரே படம் பிடித்துப் பார்த்து, சதை எங்கே முடிகிறது ஊசி எங்கே தொடங்குகிறது என்று தனக்குத் தெரியவில்லை என்றும், வலி இல்லாவிட்டால் சும்மா விட்டுவிடுவது நல்லது என்றும் சொன்னார். சொல்லும்போது தன் இடது கையை மேஜைக்கு அடியிலேயே வைத்திருந்தார்.

மருந்து இல்லாமல் இல்லை. மருந்து முதல் மாதத்திலேயே தெரிந்துவிட்டது. எலெக்ட்ரீஷியன் முத்துராசு மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவர், பொண்டாட்டி சோறு போட்டுவிட்டு அவர் மணிக்கட்டில் இருந்த ஊக்கையே பார்த்துக்கொண்டிருந்ததைத் தாங்கமுடியாமல், "கை பட்டுதுன்னு சொன்னேன்லா, படல. நாந்தான் வச்சேன்," என்றார். ஊக்கு கழன்று சாம்பாருக்குள் விழுந்தது. அந்த அம்மாள் அதை எடுத்துக் கழுவித் தன் தாலிக்கொடியில் மாட்டிக்கொண்டாள், ரொம்ப நாளைக்கு அவரோடு பேசவில்லை. அவ்வளவுதான் வைத்தியம். காசில்லை, கத்தியில்லை, நாலு வார்த்தை. ஆனால் ஊர் என்ன செய்தது என்றால், முத்துராசைக் கண்டால் சிரித்தது. டீக்கடையில் அவர் நுழைந்ததும் யாராவது, "பாத்து வே, வடைக்குள்ள ஊக்கு கிடக்கப் போவுது," என்பார்கள். ஊக்கு குத்தியிருப்பது ஒரு விபத்து, யாருக்கும் வரலாம். ஊக்கு விழுந்த தழும்புதான் கேவலம் என்று ஆயிற்று. முத்துராசு முழுக்கைச் சட்டை போட ஆரம்பித்தார். மற்றவர்கள் கையை மடித்துவிட ஆரம்பித்தார்கள்.

வேறு தேசத்தில் வேறு மொழியில் பாதி வாழ்க்கையைக் கழித்துவிட்டு நான் திரும்பிய வருஷம் அது. அங்கேயும் கைகள் உண்டு, அங்கேயும் மன்னிப்புகள் உண்டு. ஆனால் ஒரு ஊர் தன் வெட்கத்தை இவ்வளவு பொறுமையாக, இவ்வளவு கூட்டு முயற்சியாக, ஒவ்வொரு தட்டாகத் தட்டிப் பளபளப்பாக்குவதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

முதலில் தாய்மார்கள் வந்தார்கள். மகன்களின் கையை மடியில் போட்டு ஊதிவிட்டார்கள், விளக்கெண்ணெய் தடவினார்கள், "எந்த மூதேவி எம்புள்ளயை இப்படிச் செஞ்சாளோ" என்று தெருவில் மண்ணை வாரித் தூற்றினார்கள். பிறகு வியாபாரிகள் சங்கம் வந்தது. பெண்கள் ஊக்கு வைத்திருப்பதால்தானே குத்துகிறார்கள் என்று யோசித்து, ஊக்கு விற்கக்கூடாது என்று ஜெபக்கனிக்குச் சொல்லி அனுப்பியது.

"அப்போ சேலையை எதால குத்த?" என்று அவள் கேட்டாள்.

"அந்தக் காலத்துல குத்தினாவளா? இழுத்துச் சொருகிக்கிட வேண்டியதுதான."

"அந்தக் காலத்துல பஸ்ஸும் இல்லல்லா."

பெண்கள் ஊக்கில்லாமல் பஸ் ஏறினார்கள், கருவேல முள்ளோடு ஏறினார்கள், பனை ஈர்க்கோடு ஏறினார்கள், சாளை மீனின் நடுமுள்ளோடு ஏறினார்கள். அவையும் குத்தின, அவையும் கழலவில்லை, ஐப்பசி மழை பெய்ததும் கருவேல முள்ளெல்லாம் துளிர்விட்டன. ரேஷன் கடைக்காரர் முழங்கையில் மஞ்சள் பூ பூத்தது. அவர் போகிற இடமெல்லாம் வெள்ளாடுகள் பின்னாலேயே போயின, அவர் துண்டை உதறி விரட்டிக்கொண்டே எடை போட்டார், ஜனங்கள் வரிசையில் நின்று சீனி வாங்கிக்கொண்டு, ஆட்டை ஒதுக்கிவிட்டுக்கொண்டு, மழையைப் பற்றிப் பேசிக்கொண்டு போனார்கள். ஒருவரும் பூவைப் பற்றிக் கேட்கவில்லை. பூவைப் பற்றிக் கேட்டால் முள்ளைப் பற்றிக் கேட்கவேண்டும்.

அண்ணாச்சிக்கு வந்தது அதைவிடப் பெரிய அதிர்ஷ்டம். அவர் கையில் இருந்தது ஊக்கு இல்லை, பல்லி. பல்லிக்கு எங்கள் ஊரில் என்ன மதிப்பு என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லவேண்டும். நாம் ஒன்று சொல்லும்போது சுவரில் இருக்கிற பல்லி ச்சு ச்சு என்று சொல்லிவிட்டால் அது உண்மை, உடனே பக்கத்தில் இருக்கிற மரத்திலோ தரையிலோ விரலால் மூன்று தட்டுத் தட்டி "சத்தியம்" என்று சொல்லவேண்டும். இதை யாரும் யாருக்கும் கற்றுக்கொடுப்பதில்லை, கொட்டாவிக்குக் கை போவதுபோலப் போகும். சர்ச்சுக்குப் போகிற நாங்களும் தட்டுவோம், ஐயர் என்று நாங்கள் கூப்பிடுகிற பாதிரியாருக்குத் தெரியாமல். தெரிந்தாலும் பாதகமில்லை, அவரும் தட்டுவார். அதுபோல, பல்லி உடம்பில் எங்கே விழுந்தால் என்ன பலன் என்று பஞ்சாங்கத்தில் பார்ப்பதும் உண்டு. வலது கையில் விழுந்தால் பீடை என்று ஒரு பஞ்சாங்கம் சொன்னது, லாபம் என்று இன்னொன்று சொன்னது. மண்டியில் லாபம் சொன்ன பஞ்சாங்கத்தை மாட்டினார்கள்.

அந்த மாதம் பார்த்துக் கருப்பட்டி விலை ஏறிற்று. அதற்கப்புறம் கேட்கவேண்டுமா. காஞ்சிபுரத்துக்குப் போய்க் கோயில் பல்லியைத் தொட்டுவர வழியில்லாதவர்கள் மண்டிக்கு வந்து அண்ணாச்சியின் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அவர் கல்லாவில் உட்கார்ந்து கையை ஒரு பட்டுத் தலையணை மேல் நீட்டிக்கொண்டிருந்தார். தேர்வுக்குப் போகிற மகள்களைத் தாய்மார்கள் கூட்டிவந்தார்கள். "தொட்டுக்க மக்கா, நல்லா தொட்டுக்க, மார்க் வரும்." எந்தக் கைக்குப் பயந்து பிள்ளைகள் பஸ்ஸில் புத்தகப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்களோ அந்தக் கையை, காலையில் குளித்து, திருநீறு பூசி, வரிசையில் நின்று தொட்டார்கள். அண்ணாச்சியின் மனைவி பேச்சியம்மாள் மண்டிக்குள் தூணோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு பிள்ளையின் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை.

கோலப்ப ஆசாரிதான் அடுத்த வாசலைத் திறந்தார். நகைக்கடன்காரர் தன் இரண்டு ஊக்குகளையும் மறைக்கமுடியாமல் அவரிடம் போனபோது, "மறைப்பானேன்?" என்று கேட்டு, இரும்பின் மேல் தங்கத்தகடு ஏற்றி, தலைப்பக்கம் ஒரு சிவப்புக்கல் வைத்து, பக்கத்தில் இரண்டு இலை ஒட்டிக் கொடுத்தார். அவர் அதைப் போட்டுக்கொண்டு ஒரு கல்யாணத்துக்குப் போனார். அடுத்த முகூர்த்தத்தில் பத்துக் கைகள் மின்னின. அப்புறம் சிம்மத்தலை வைத்தார்கள், வேல் வைத்தார்கள், கட்சிக்கொடி நிறத்தில் கல் வைத்தார்கள். மாப்பிள்ளைக்கு என்ன போடுவீர்கள் என்ற பேச்சில் மோதிரம், செயினோடு கைப்பதக்கமும் சேர்ந்தது. குத்தே வாங்காத சில நல்ல பையன்கள், நாலு பேருக்கு நடுவில் வெறுங்கையோடு நிற்கக் கூச்சப்பட்டு, ஆசாரியிடம் போய் ஓட்டை போட்டு மாட்டிக்கொண்டார்கள். ஜெபக்கனியின் கடையில் ஊக்குக்கு இருந்த தடை போயிற்று, ஆண்களுக்கு விற்கலாம் என்று. அவள் அந்தத் தட்டிலிருந்த புரூச்சுகளைக் கறுப்புத் துணி போட்டு மூடினாள். அம்பையும் மயிலையும் கேட்டு வந்தவர்களை, கையில் இருந்த முழக்கோலால் வாசல்வரை விரட்டினாள்.

இப்படி எல்லாம் கூடிவந்த பிறகு சங்கம் இல்லாமல் எப்படி. செந்தேரி குத்துப்பட்டோர் நலச்சங்கம். தலைவர் அண்ணாச்சி, செயலாளர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் அருமைநாயகம். தை மாதத்தில் பாராட்டு விழா என்று முடிவாயிற்று. குத்துப்பட்ட எல்லோருக்கும் பொன்னாடை. விழாவின் சிகரமாக, முதல் குத்தைக் குத்திய பெண் மேடைக்கு வந்து தலைவரிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும், தலைவர் பெருந்தன்மையோடு மன்னிக்கவேண்டும்.

கிரேனாப் முடியாது என்றாள். மறுநாளிலிருந்து அவள் நிற்கிற நிறுத்தத்தில் பஸ் நிற்கவில்லை. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு அவளைப் பார்த்தபடியே விசிலை ஊதினார். பள்ளிக்கூடம் ஒன்றில் போய்ப் பாடம் நடத்திக் காட்டுகிற பயிற்சி அவளுக்கு நடந்துகொண்டிருந்தது. நாள் குறைந்தால் படிப்பு அவ்வளவுதான், அடுத்த வருஷம் மறுபடி முதலிலிருந்து. மீன் லாரியில் கேட்டு ஏறிப் போனாள். மீன் வாடையோடு வகுப்புக்குள் நிற்கக்கூடாது என்று அந்தத் தலைமையாசிரியை வெளியே நிறுத்திவிட்டாள்.

அன்று சாயங்காலம் கடையில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். கிரேனாப் கேட்டாள், "என்ன சித்தி, நீயும் கேட்டுருன்னு சொல்லப்போறியா?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன்." ஜெபக்கனி கறுப்புத் துணியை எடுத்து மடித்தாள். "வாயால ஒரு வார்த்தை, தேஞ்சா போயிரும், பஸ் நிக்கும்லான்னு. ஆனா சொல்ல வாய் வரல. நான் எத்தனை பேரைக் குத்தியிருப்பேன்னு நெனைக்கே? இந்தா இந்த வயசு வரைக்கும். குத்துவேன், ஊக்கைத் தொடைப்பேன், மாட்டிக்கிடுவேன், கடையைத் திறந்து அதே ஆளுக்கு அவன் மவளுக்கு ரிப்பன் விப்பேன். நான் குத்தினதுல ஒண்ணுகூட நிக்கலையேட்டி. ஒண்ணாவது நின்னிருக்கப்படாதா. அந்த ஆத்திரம்தான் எனக்கு."

கிரேனாப் தட்டில் பல்லி இருந்த வெற்றிடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு, "நான் கேக்கேன் சித்தி," என்றாள். "எதுக்குக் கேக்கணுமோ அதைச் சொல்லிட்டு முறையா கேக்கேன்."

கல்யாண மண்டபம் நிரம்பி வழிந்தது. நாற்காலி வாடகைக்கு எடுத்ததுபோக மர பெஞ்சுகள் சர்ச்சிலிருந்தும் வந்திருந்தன. அண்ணாச்சி மேடை நடுவில் பட்டுத் தலையணை மேல் கையை வைத்து உட்கார்ந்திருந்தார். கோலப்ப ஆசாரி அந்தப் பல்லிக்குத் தங்கத்தில் ஒரு திருவாசி செய்து மாட்டியிருந்தார், பச்சைக் கண்கள் மின்னின. முன்வரிசையில் பேச்சியம்மாள். அண்ணாச்சி எழுந்து, தழுதழுத்து, "பஸ்ஸு குலுங்கிச்சு, கை பட்டுது, அவ்வளவுதான் மக்களே. சின்னப் பிள்ளை, தெரியாம குத்திட்டு. நான் மனசுல வச்சுக்கிடல," என்றார். கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று.

அருமைநாயகம் வாத்தியார் ஒலிபெருக்கியைப் பிடித்தார். "நடந்ததை நடந்தபடி எடுத்துரைத்துப் பிழை பொறுக்க வேண்டுவதே தமிழர் மரபு. வா தாயி, சொல்லு."

கிரேனாப் மேடையேறினாள். தோளில் சாதாரண ஊக்கு. ஒலிபெருக்கியை அவரிடமிருந்து வாங்கி, வகுப்பில் பாடம் நடத்துகிற மாதிரி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, அவசரமில்லாமல் சொன்னாள்:

"புரட்டாசி மாசம், காலேஜுக்குப் போற வழியில, இந்த அண்ணாச்சி என் சேலை விலகின இடத்துல கை வச்சாவ. நான் நகண்டேன். கையும் கூட வந்துச்சு."

ச்சு ச்சு ச்சு.

சுவரில் பல்லி எதுவும் இல்லை. சத்தம் ஒலிபெருக்கி வழியாக வந்தது, அண்ணாச்சியின் கை அதற்குப் பக்கத்தில் இருந்தது. முன்வரிசையில் பேச்சியம்மாளின் விரல் நாற்காலிக் கையை மூன்று முறை தட்டியது. "சத்தியம்," என்றாள். அதற்குப் பின்னால் மண்டபம் முழுக்க, பெஞ்சிலும் நாற்காலியிலும் தரையிலும் தூணிலும், ஆணும் பெண்ணும், பொன்னாடை போர்த்தினவர்களும் போர்த்தப்போகிறவர்களும், யோசிப்பதற்கு முன்னால் விரல்கள் போய்த் தட்டிவிட்டன, யோசிப்பதற்கு முன்னால் வாய்கள் சொல்லிவிட்டன. மழை ஓட்டுக்கூரையில் இறங்கினதுபோல ஒரு சத்தம். ஊர் சாட்சி சொல்லிவிட்ட பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது.

"பொய்யி," என்று அண்ணாச்சி எழுந்தார். "பஸ்ஸு குலுங்கிச்சு."

எல்லோரும் அவர் கையைப் பார்த்தார்கள். பல்லி சும்மா இருந்தது.

"பஸ்ஸு எங்க குலுங்கிச்சு?" என்றாள் கிரேனாப். "கீழப்பாலத்துல செம்மறிக் கூட்டம் போய்க்கிட்டு இருந்துச்சு. பஸ்ஸு நின்னுகிட்டு இருந்துச்சு."

ச்சு ச்சு ச்சு. தட், தட், தட். சத்தியம்.

அருமைநாயகம் வாத்தியார் ஃபேனை நிறுத்தச் சொன்னார், ஃபேன்தான் சத்தம் போடுகிறது என்று. ஃபேன் நின்றது. அந்த அமைதியில் பின்வரிசையிலிருந்து இறால் கம்பெனிப் பெண் ஒருத்தி எழுந்து, ரேஷன் கடைக்காரரின் பூத்திருந்த கையைக் காட்டி, ஒரே வாக்கியம் சொன்னாள். பல்லி சொன்னது. நர்ஸ் ஒருத்தி டாக்டரைப் பார்த்துச் சொன்னாள். பல்லி சொன்னது. ஜெபக்கனி எழுந்து, மேடைக்குக் கீழே நின்ற கூட்டத்தில் நரைத்த தலைகளாகப் பார்த்து, ஒவ்வொருவராக, ஊர் பெயர், பஸ் பெயர், போட்டிருந்த சட்டையின் நிறம் உட்படச் சொல்லிக்கொண்டே வந்தாள். அவள் ஊக்கு ஒன்றும் நிற்கவில்லை, ஆனால் ஒன்றையும் அவள் மறக்கவில்லை. பல்லிக்குத் தொண்டை கட்டியதுபோல ஆயிற்று, ஆனாலும் சொன்னது. தட்டித் தட்டி எங்கள் விரல்நுனிகள் சிவந்தன. தட்டாமல் இருக்கப் பார்த்தவர்கள் கையைக் கக்கத்தில் அமுக்கிக்கொண்டார்கள், அப்போது அவர்கள் கால்விரல்கள் தட்டின.

எல்லாம் ஓய்ந்ததும் கிரேனாப் மறுபடி ஒலிபெருக்கியை எடுத்தாள்.

"மன்னிப்புக் கேக்கத்தான் கூப்பிட்டிய. கேக்கேன்." அண்ணாச்சியின் பக்கம் திரும்பினாள். "குத்தினதுக்கு நான் வருத்தப்படுதேன் அண்ணாச்சி."

மண்டபம் காத்திருந்தது. பல்லி வாயைத் திறக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக, பின்வரிசையிலிருந்து, பெண்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். அது சந்தோஷச் சிரிப்பு இல்லை. அப்படிச் சிரிக்கிற பெண்கள் இருக்கிற வீட்டில் அன்றைக்கு யாரும் சாப்பிடமாட்டார்கள்.

"கேட்டுட்டேன்," என்று சொல்லிவிட்டு அவள் இறங்கினாள்.

மறுநாள் காலையில் பஸ் அவள் நிறுத்தத்தில் நின்றது. கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கதவைத் திறந்தார். உள்ளே ஆண்கள் எல்லோரும் இரண்டு கைகளையும் மேலே தூக்கிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், சிம்மமும் வேலும் சிவப்புக்கல்லும் வரிசையாக ஆடின. சிலர் கையில் ஒன்றும் இல்லை, புதுத் தழும்புதான் இருந்தது, வீட்டில் ராத்திரியே சொல்லியிருப்பார்கள். நிறையப் பேர் சொல்லவில்லை. இன்னும் சொல்லவில்லை. தங்கம் ஏற்றிவிட்டோமே, எப்படிக் கழற்றுவது என்கிறார்கள்.

பஸ் கருப்பட்டி மண்டி முக்கில் ஆட்களை ஏற்ற நின்றது. கிரேனாப் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மண்டிக்குள் வரிசை இல்லை, பட்டுத் தலையணை இல்லை. அண்ணாச்சி கல்லாவில் இருந்தார். அவருக்கு எதிரே பேச்சியம்மாள் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப்போட்டு, ஆறுகிற இட்லித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இப்போதும் தினமும் காலையில் அப்படித்தான் உட்காருகிறாள்.

"சொல்லுங்க," என்றாள்.

"பஸ்ஸு குலுங்கிச்சு," என்றார் அவர்.

இரண்டு பேரும் கையைப் பார்த்தார்கள். கிரேனாப்பும் ஜன்னல் வழியே பார்த்தாள், தன் பல்லியை.

அது ஒன்றும் சொல்லவில்லை. பேச்சியம்மாள் தட்டைக் கொடுக்கவில்லை. பஸ் கிளம்பியது.